போர்டில் பெயர் ஏறினால் போதுமா? பங்குதாரர் யார், சம்பளக்காரர் யார்?

திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதியில் காலை நேரத்தில் ஒருமுறை நடந்து பார்த்தால் போதும். இருப்பது கேரளத்திலா, திருநெல்வேலியிலா என்ற சந்தேகமே வந்துவிடும். திருவிதாங்கூர் திவானாக இருந்த ராஜா கேசவதாஸ் 18-ம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய இந்தச் சந்தையில் மளிகை, பாத்திரம், ஜவுளி, பூ, வெற்றிலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தமிழ்ப் பேச்சு காதில் விழும். முதலாளியும் தமிழர், பொட்டலம் கட்டுபவரும் தமிழர் என்ற கடைகள் இங்கே தலைமுறை தலைமுறையாக உண்டு.

இப்படிப்பட்ட ஒரு கடையை மனத்தில் நினைத்துக் கொள்வோம். பதினெட்டு வயதில் ஊரிலிருந்து வந்த பையன். முதலில் சரக்கு இறக்கினான். பிறகு பில் போட்டான். பிறகு கல்லாவில் உட்காரும் அளவுக்கு நம்பிக்கை பெற்றான். இருபது வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் இரவு கடை அடைக்கும் நேரத்தில் முதலாளி கூப்பிடுகிறார்: "தம்பி, இனிமேல் நீ சம்பளக்காரன் இல்லை. உன்னையும் பார்ட்னராகச் சேர்த்திருக்கிறேன். இதிலே ஒரு கையெழுத்துப் போடு."

"சரிங்க அண்ணாச்சி" என்று கையெழுத்து விழுகிறது. முத்திரைத்தாளில் இருப்பது மலையாளம். கையெழுத்து மட்டும் தமிழ்.

இது பதவி உயர்வா, பாரம் ஏற்றுவதா? இரண்டாகவும் இருக்கலாம். பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது, கடையில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்தது அது. நம் ஊர்ப் பேச்சில் பங்காளி என்றால் தாயாதி; மலையாளத்தில் பங்காளி என்றால் வியாபாரக் கூட்டாளி. இந்த வித்தியாசத்தை எல்லோரும் அறிவார்கள். ஆனால் கூட்டாளிகளுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசத்தைப் பலர் அறிவதில்லை.

சிகாகோ வக்கீல்கள் பட்ட பாடு

கடைச் சிப்பந்திக்கு மட்டும்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்க வேண்டாம். சட்டத்தைக் கரைத்துக் குடித்த வக்கீல்களுக்கே இது வந்திருக்கிறது.

பெரிய வக்கீல் கம்பெனிகளில் இரண்டு வகைப் பங்குதாரர்கள் உண்டு. முதல் போட்டு, லாபத்தில் பங்கு எடுத்து, கம்பெனியின் முடிவுகளில் ஓட்டுப் போடுபவர் 'ஈக்விட்டி பார்ட்னர்'. பார்ட்னர் என்ற பட்டமும் கார்டில் பெயரும் இருந்தாலும், நிர்ணயித்த தொகையை மட்டும் சம்பளம்போல் வாங்குபவர் 'சம்பளப் பார்ட்னர்'. மும்பை, டில்லி போன்ற நகரங்களின் பெரிய வக்கீல் கம்பெனிகளிலும் இந்த இரண்டு வகையும் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் கட்சிக்காரருக்கு இருவரும் ஒன்றுதான். உள்ளே இருவருக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

அமெரிக்காவில் சிகாகோ நகரின் 'சிட்லி அண்டு ஆஸ்டின்' என்ற பெரிய வக்கீல் கம்பெனி 1999-ம் ஆண்டில் தனது பங்குதாரர்களில் 32 பேரைப் பதவி இறக்கியது. வயதைக் காரணமாக வைத்துத் தள்ளினார்கள் என்று புகார் எழுந்தது. வயதைக் காட்டித் தொழிலாளியைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது என்று அந்நாட்டில் சட்டம் உண்டு. ஆனால் கம்பெனி என்ன சொல்லிற்று? "இவர்கள் தொழிலாளிகள் அல்ல, பங்குதாரர்கள். முதலாளிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது."

வெளிப்பார்வைக்கு அது சரியாகவே தோன்றியது. அந்த 32 பேரும் முதல் போட்டவர்கள். லாபத்துக்கு ஏற்பத்தான் வருமானம். கம்பெனியின் கடனுக்கும் அவர்கள் பொறுப்பு. ஆனால் நிர்வாகம் முழுவதும் 36 பேர் கொண்ட ஒரு கமிட்டியின் கையில் இருந்தது. அந்தக் கமிட்டிக்கு ஆள் எடுப்பதும் அதே கமிட்டிதான். மற்றப் பங்குதாரர்களுக்கு அதில் வாய் திறக்க இடம் இல்லை. 2002-ம் ஆண்டில் மேல்முறையீட்டுக் கோர்ட், பார்ட்னர் என்ற பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டிவிட முடியாது என்று கூறியது. 2005-ல் சம வேலைவாய்ப்புக் கமிஷன் வழக்குப் போட்டது. 2007-ல் கம்பெனி 2 கோடியே 75 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து ராஜியாயிற்று. அந்த 32 பேரும் அச்சட்டத்தின்படி ஊழியர்களே என்பதும் ராஜியில் ஒப்புக்கொள்ளப்பட்டது.

பட்டம் என்ன என்பதல்ல, அதிகாரம் யாரிடம் என்பதே கேள்வி. சிகாகோவுக்குப் பொருந்தும் இந்தக் கேள்வி சாலைக் கடைவீதிக்கும் பொருந்தும்.

நம் நாட்டுச் சட்டம்

இங்கே இதற்கு ஆதாரமாக இருப்பது 1932-ம் ஆண்டின் இந்தியப் பார்ட்னர்ஷிப் சட்டம். இதில் 'ஈக்விட்டி பார்ட்னர்', 'சம்பளப் பார்ட்னர்' என்ற வார்த்தைகளே கிடையாது. எல்லோரும் சேர்ந்தோ, எல்லோருக்காகவும் ஒருவரோ நடத்தும் ஒரு தொழிலின் லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஒப்புக்கொண்டவர்களுக்கு இடையே உள்ள உறவுதான் பார்ட்னர்ஷிப் என்று 4-வது பிரிவு கூறுகிறது. ஒருவருக்கு மற்றவர் ஏஜெண்டு. ஒருவர் வாங்கிய சரக்குக்கு மற்றவரும் பதில் சொல்ல வேண்டும். கூட்டு வியாபாரத்தின் உயிர்நாடி இதுதான்.

லாபத்தில் பங்கு வாங்கினாலே பங்குதாரர் ஆகிவிடுவாரா? ஆகமாட்டார். 1860-ம் ஆண்டில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை, 'காக்ஸ் எதிர் ஹிக்மன்' என்ற இரும்பு வியாபார வழக்கில் இதைத் தெளிவுபடுத்தியது. கடனில் மூழ்கிய வியாபாரத்தைக் கடன்காரர்களுக்காகச் சிலர் ஏற்று நடத்தினார்கள். லாபத்திலிருந்து கடன் கழிக்கப்பட்டது. லாபம் தங்களுக்கு வந்தது என்பதாலேயே அந்தக் கடன்காரர்கள் பங்குதாரர்கள் ஆகிவிடவில்லை என்று தீர்ப்பாயிற்று.

நமது சட்டத்தின் 6-வது பிரிவும் இதையே கூறுகிறது. கடன் கொடுத்தவர், வேலைக்காரர் அல்லது ஏஜெண்டு, இறந்துபோன பங்குதாரரின் மனைவி மக்கள், கடையின் நற்பெயரோடு வியாபாரத்தை விற்றுவிட்டுப் போனவர் ஆகிய இவர்கள் லாபத்தில் பங்கு வாங்கினாலும், அது ஒன்றினாலேயே பங்குதாரர் ஆகிவிடமாட்டார்கள். எல்லா விவரங்களையும் சேர்த்துப் பார்த்துத்தான் கோர்ட் முடிவு செய்யும்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. நகரத்தார் பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் லேவாதேவி நடத்திய காலத்தில், மூன்று வருடக் கெடுவுக்கு ஏஜெண்டுகளை அனுப்புவது வழக்கம். ஏஜெண்டுக்குச் சம்பளம் உண்டு. கெடு முடிந்து கணக்குப் பார்க்கும்போது லாபத்தில் ஒரு பகுதியும் உண்டு. லட்சக்கணக்கில் அவர் கையால் புரளும். ஆனாலும் அவர் முதலாளியின் ஏஜெண்டே, பங்குதாரர் அல்லர்.

வரிக்காக ஏறிய பெயர்கள்

கடைச் சிப்பந்திகளின் பெயர்கள் பத்திரத்தில் ஏறியதற்குப் பல இடங்களில் வருமான வரியும் ஒரு காரணம். முன்பு இருந்த வரி முறையில், பதிவு பெற்ற கூட்டு வியாபாரத்தின் வருமானத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்து அவரவர் கணக்கில் வரி போடுவார்கள். ஒரே ஆளின் பெரிய வருமானம் ஆறாகப் பிரிந்தால் வரி குறையும். எனவே, "இவர்கள் உண்மையான பங்குதாரர்களா, பெயருக்கு நிற்பவர்களா?" என்று வரி அதிகாரிகள் துருவுவார்கள். இந்த முறை 1990-களின் தொடக்கத்தில் மாறிவிட்டது. ஆனால் அந்தக் காலத்து வழக்குகள் தந்த விளக்கம் இன்றும் பயன்படுகிறது.

அவற்றில் முக்கியமானது, மைசூரிலிருந்து சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன 'கே.டி. காமத் அண்டு கம்பெனி' வழக்கு. அங்கே நிர்வாக அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் ஒரே பங்குதாரரின் கையில். மற்றவர்கள் உழைப்புப் பங்குதாரர்கள். இது உண்மையான கூட்டு அல்ல என்றது ஹைகோர்ட். 1971-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. லாப நஷ்டத்தைப் பங்கிட ஒப்பந்தம் இருக்கிறதா, ஒருவருக்காக மற்றவர் செயல்படும் ஏஜெண்டு உறவு இருக்கிறதா என்ற இரண்டையும் பார்க்க வேண்டும். இரண்டும் இருந்தால், கட்டுப்பாடு ஒருவர் கையில் குவிந்திருப்பதாலேயே கூட்டு பொய்யாகிவிடாது என்று தீர்ப்பளித்தது.

இதைக் கவனிக்க வேண்டும். "கடையில் எனக்கு ஓர் அதிகாரமும் கிடையாது, அண்ணாச்சி சொன்னதைத்தான் செய்தேன்" என்று பிற்பாடு சொன்னால் மட்டும் தப்பித்துவிட முடியாது என்பதும் இதிலிருந்து தெரிகிறது.

சம்பளம் பறிபோகும் இடம்

பங்குதாரர் ஆகிவிட்டவர் தன் கடையிலேயே சம்பளக்காரராகவும் இருக்க முடியுமா? முடியாது என்பதே நமது கோர்ட்டுகளின் கருத்து.

சென்னை வருமான வரிக் கமிஷனருக்கும் ஆர்.எம். சிதம்பரம் பிள்ளைக்கும் இடையே நடந்த தேயிலை வியாபார வழக்கில், கேரளத்தைச் சேர்ந்த நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதை விளக்கினார். கூட்டு வியாபாரம் என்பது பங்குதாரர்களுக்கு வெளியே நிற்கும் தனி ஆள் அல்ல. ஆகவே ஒரு பங்குதாரர் தனக்குத் தானே வேலைக்காரராக இருக்க முடியாது. அவருக்குச் 'சம்பளம்' என்று எழுதிக் கொடுப்பதும் லாபத்தின் ஒரு பகுதிதான்.

இதன் விளைவு தொழிலாளர் சட்டத்திலும் வந்தது. இ.எஸ்.ஐ. கார்ப்பரேஷனின் திருச்சூர் பிராந்திய டைரக்டருக்கும் 'ராமானுஜா மேட்ச் இண்டஸ்ட்ரீஸ்' என்ற தீப்பெட்டித் தொழிற்சாலைக்கும் நடந்த வழக்கில், வேலை செய்து சம்பளம் வாங்கும் பங்குதாரரையும் தொழிலாளி என்று கணக்கில் சேர்க்கலாமா என்ற கேள்வி எழுந்தது. சேர்க்க முடியாது என்று 1984-ம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட் கூறிவிட்டது.

நம் கதையில் வரும் சிப்பந்திக்கு இதன் பொருள் என்ன? உண்மைப் பங்குதாரர் ஆன நாளிலிருந்து இ.எஸ்.ஐ. சிகிச்சையும், வருங்கால வைப்பு நிதியும், பணிக்கொடையும் அவருக்கு உரியவை அல்ல என்று வாதாட இடம் ஏற்பட்டுவிடுகிறது.

பணிக்கொடையை மட்டும் கணக்குப் பார்ப்போம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் கடைகளில் இது பொருந்தும். முடித்த வருடம் ஒன்றுக்கு 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட வேண்டும். கடைசிச் சம்பளம் ரூ.15,000, வேலை செய்தது 20 வருடம் என்றால் சுமார் ரூ.1,73,000 வரும். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் இந்தப் பழைய கணக்கை முடித்து வாங்கிக்கொள்ளாவிட்டால், பின்னால் இழுபறிதான்.

கடன் வந்தால் யார் வீட்டுக் கதவு?

லாபத்தில் நூற்றுக்குப் பத்து என்று பத்திரத்தில் எழுதியிருக்கிறது. கடனிலும் நூற்றுக்குப் பத்துத்தானே என்று நினைப்பது சகஜம். அங்கேதான் ஆபத்து.

கடைக்கு 8 லட்சம் ரூபாய் கடன். சரக்கையும் பாக்கியையும் விற்றால் தேறுவது 3 லட்சம். மீதி 5 லட்சம். பங்குதாரர்களுக்குள் கணக்குப் பார்த்தால் நம் ஆள் கொடுக்க வேண்டியது ரூ.50,000. ஆனால் 25-வது பிரிவின்படி ஒவ்வொரு பங்குதாரரும் சேர்ந்தும் தனித்தும் முழுக் கடனுக்கும் பொறுப்பாளி. கடன் கொடுத்தவர் நினைத்தால் 5 லட்சத்தையும் இவரிடமே கேட்கலாம். ஊரில் உள்ள வீட்டின் மேலும் கை வைக்கலாம். கொடுத்த பிறகு, ரூ.4,50,000-ஐ முதலாளியிடம் இவர் கேட்டு வாங்க வேண்டியதுதான். முதலாளி கையை விரித்துவிட்டால்?

'நஷ்டத்தில் இவருக்குப் பங்கு இல்லை' என்று பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம். அது பங்குதாரர்களுக்குள் செல்லும். வெளியாரைக் கட்டுப்படுத்தாது.

ஜி.எஸ்.டி. பாக்கிக்கும் இதே கதைதான். 2017-ம் ஆண்டுச் சட்டத்தின் 90-வது பிரிவு கூட்டு வியாபாரத்தின் வரி பாக்கிக்குப் பங்குதாரர் ஒவ்வொருவரையும் பொறுப்பாக்குகிறது.

பங்குதாரராக இல்லாதவரும் சிக்கலாம். போர்டிலோ பில் புத்தகத்திலோ தம் பெயரைப் பங்குதாரர் என்று போடத் தெரிந்தே விட்டுவிட்டால், அதை நம்பிக் கடன் கொடுத்தவருக்கு அவர் பங்குதாரரைப்போலவே பொறுப்பு என்று 28-வது பிரிவு கூறுகிறது. ஒரு காசு பங்கு வாங்காமல் முழுக் கடனைச் சுமக்கும் நிலை இதுதான்.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்விகள்

1. முதல் கணக்கில் என் பெயரில் எவ்வளவு? கடை கலையும்போது வெளிக்கடன், பங்குதாரர் கொடுத்த கைமாற்று, போட்ட முதல் ஆகிய இவை தீர்ந்த பிறகே மிச்சத்தைப் பங்கிடுவார்கள். முதல் இல்லாத உழைப்புப் பங்குதாரருக்கு அந்த மிச்சத்தில் மட்டுமே பாத்தியதை.

2. எனக்கு வருவது லாபத்தில் பங்கா, மாதம் தவறாத தொகையா? நஷ்டம் வந்த வருடத்திலும் அது வருமா? பத்திரத்தில் ஒன்றும் சொல்லாவிட்டால் லாபம் சமபங்கு. உழைப்புக்குத் தனிச் சம்பளம் கிடையாது.

3. பேரேட்டைப் பார்க்கலாமா? கணக்குப் புத்தகங்களைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் உண்மைப் பங்குதாரருக்கு 12-வது பிரிவு உரிமை தருகிறது. "உனக்கு எதற்கு அதெல்லாம்" என்ற பதில் வந்தால் அங்கேயே விஷயம் விளங்கிவிடும்.

4. புது ஆளைச் சேர்க்க என்னைக் கேட்பார்களா? என்னை வெளியே அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டா? மாறான ஒப்பந்தம் இல்லாவிட்டால் எல்லோர் சம்மதமும் இல்லாமல் புதியவரைச் சேர்க்க முடியாது. பத்திரத்தில் அதிகாரம் இருந்து, அதை நேர்மையாகப் பயன்படுத்தினால் தவிர, மெஜாரிட்டியைக் காட்டி ஒருவரை நீக்கவும் முடியாது.

5. பத்திரம் பதிவாகுமா? கூட்டு வியாபாரத்தைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. ஆனால் பதிவாகாத நிறுவனத்தின் பங்குதாரர், கூட்டைக் கலைக்கவோ கலைந்த பிறகு கணக்குக் கேட்கவோ தவிர, ஒப்பந்த உரிமைக்காகக் கூட்டாளிமேல் வழக்குப் போட முடியாது என்கிறது 69-வது பிரிவு.

பத்திரம் மலையாளத்தில் இருந்தால் வரிக்கு வரி படித்துச் சொல்லக் கேட்க வேண்டும். கையெழுத்தான பத்திரத்தின் நகல் ஒன்று சொந்தப் பெட்டியில் இருக்க வேண்டும். நிறுவனப் பதிவாளரின் பதிவேட்டைக் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் பார்வையிடலாம்.

வக்கீல் குமாஸ்தாக்களுக்கு ஒரு வார்த்தை. வக்கீல் அல்லாதவரோடு வக்கீல் கூட்டுச் சேரவோ, பீஸைப் பங்கிட ஏற்பாடு செய்துகொள்ளவோ பார் கவுன்சில் விதி அனுமதிப்பதில்லை. எனவே, "கேசுக்கு இவ்வளவு உனக்குப் பங்கு" என்ற வாய்ப்பேச்சை நம்பிச் சம்பளத்தைக் குறைத்துக்கொள்வது புத்திசாலித்தனமல்ல.

விலகும்போது வாசலைச் சாத்துங்கள்

ஊருக்குப் போய்ச் சொந்தக் கடை வைக்கலாம் என்று விலகுபவர்கள் செய்யும் பெரிய தவறு, சொல்லிக்கொண்டு மட்டும் போவது. விலகிய செய்தியை வெளியாருக்கு முறைப்படி அறிவிக்கும் வரை பழைய பொறுப்பு பின்தொடரும். பதிவு பெற்ற நிறுவனமானால் பதிவாளருக்கு நோட்டீஸ், கெஜட்டில் அறிவிப்பு, அந்த ஜில்லாவில் ஓடும் தாய்மொழிப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் ஆகிய மூன்றும் தேவை. ஜி.எஸ்.டி. கமிஷனருக்கும் ஒரு மாதத்துக்குள் எழுதித் தெரிவிக்க வேண்டும். தவறினால், தெரிவிக்கும் நாள் வரை ஏறும் பாக்கிக்கும் பொறுப்பு தொடரும்.

எல்லா முதலாளிகளும் வஞ்சகர்கள் அல்ல. கூடவே உழைத்தவனைக் கைதூக்கிவிட மனமாரப் பங்கு கொடுத்தவர்களும் உண்டு. அப்படிப் பங்கு வாங்கி, பிறகு சொந்தக் கடை வைத்தவர்களும் உண்டு. நல்ல மனத்தோடு கொடுக்கும் முதலாளி, பத்திரத்தைப் படித்துக் காட்டச் சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். "ஒரு நாள் அவகாசம் கொடுங்கள் அண்ணாச்சி, படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்று சொல்வது நன்றி கெட்டதனம் ஆகாது. வசதி குறைந்தவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையத்தை அணுகி ஆலோசனை கேட்கலாம்.

இருபது வருட உழைப்புக்கு எதிரே ஒரு நாள் பெரிதல்ல.